எதிர் நாற்காலி

அன்புள்ள அப்பாவுக்கு, முழங்கால் வீக்கம் வற்றியதா? இங்கே புனேயில் நான் நலம்.

கோபப்படாமல் படியுங்கள். மாதம் ஒருநாள் நல்ல ஓட்டலில் ஒரு கிளாஸ் வைன் குடிக்கிறேன். நேற்று குடித்ததில் முதலில் நாவல்பழ வாசம், பிறகு மெல்லக் கிராம்பு. கண்ணை மூடினேன், நாற்காலியோடு மிதப்பதுபோல் இருந்தது. பரிமாறுகிறவருக்கு உங்கள் வயது. அவர் பக்கத்தில் வந்ததும் பதறி எழுந்துவிட்டேன். "உக்காருங்க தம்பி, நிக்கிறது என் வேலை" என்றார். திருமங்கலத்துக்காரராம்.

மதுரை ஓட்டலில் முப்பது வருடம் ஊருக்கே பரிமாறிய உங்களை, முதலாளி அடுப்படியில் நின்றபடியே தின்னவைத்தான். அது அநியாயம். "உக்காந்து தின்னா எனக்கு இறங்காதுடா" என்று இனியும் சொல்லாதீர்கள்.

உங்கள் சட்டை அளவை எழுதுங்கள். அந்த ஓட்டலில் தனியாக வருகிறவனுக்கு எதிர் நாற்காலியை எடுத்துவிடுவார்கள். அடுத்த மாதம் எடுக்க வேண்டாம் என்று திருமங்கலத்துக்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் சிவபாண்டி