மேலே ஒன்றுமில்லை

அக்டோபர் 9, 1941

மறுபடியும் சேறு. மோர்ட்டார் என்ற இந்தச் சிறு பீரங்கியின் குழல் என் முதுகில், அடித்தட்டு ஆல்வின் முதுகில், குண்டுப் பெட்டிகள் எங்கள் தலைவர் கார்ப்பரல் டெட்ஸ்லாஃப் கையில். மூன்று பேர் இத்தனை பாடுபட்டு எறிவது கைக்கடக்கமான ஒரு குண்டு. அதுவும் ஐந்நூறு மீட்டருக்கு மேல் போகாது. ரஷ்யன் இருமுவது கேட்கும் தூரத்துக்கு நாங்கள்தான் தவழ்ந்து போக வேண்டும். "இதுக்குப் பேசாம உருளைக்கிழங்க எறியலாம், மிஞ்சினதத் தின்னலாம்" என்கிறான் ஆல்வின்.

அக்டோபர் 10

ரொட்டி வரவில்லை. நடந்தோம்.

அக்டோபர் 12

ஆல்வின் செத்துவிட்டான்.

அக்டோபர் 13

எழுதியே ஆக வேண்டும். எங்கள் குண்டு கிளையில் பட்டாலே வெடிக்கும். அதனால் குழலை நிறுத்துபவன் அண்ணாந்து பார்த்து, "மேலே ஒன்றுமில்லை" என்று கத்த வேண்டும். அதன் பிறகுதான் தலைவர் சுடச் சொல்வார். நேற்று காட்டோரத்தில் குழலை நிறுத்தியவன் நான். கத்தினேன். பார்த்தேனா? கழுத்தை நிமிர்த்தக்கூடத் தெம்பில்லை. பழகிய வாய் தானாகக் கத்திவிட்டது. முதல் குண்டே பிர்ச் மரக்கிளையில் பட்டு எங்கள் தலைக்கு மேலே வெடித்தது. ஆல்வின் அடுத்த குண்டைப் பிடித்தபடியே சாய்ந்தான். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

பாக்கலடா ஆல்வின். நான் பாக்கவே இல்ல.

அக்டோபர் 15

விசாரணை. கத்தியது யார் என்று லெப்டினன்ட் கேட்டார். டெட்ஸ்லாஃப் என்னை ஒரு பார்வை பார்த்தார். "யாரும் கத்தலங்கய்யா. அதுக்கு முன்னாடியே நான் சுடச் சொல்லிட்டேன்" என்றார். அப்படியா என்று என்னிடம் கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

அக்டோபர் 16

டெட்ஸ்லாஃபின் பதவிப் பட்டையைப் பிடுங்கிவிட்டார்கள். கண்ணிவெடி அகற்றும் தண்டனைப் படைக்கு அனுப்பப் போகிறார்கள். அங்கிருந்து திரும்பி வந்த ஒருவனையும் நான் பார்த்ததில்லை. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ஒருத்தனப் புதைச்சதே போதும்ப்பா. உனக்குக் கைக்குழந்தை வேற. என்னைய ஒரு வாரம் இங்கதான் அடைச்சு வச்சிருப்பாங்க. மனசு கேக்கலன்னா நீயே போய்ச் சொல்லு."

அக்டோபர் 18

நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

அக்டோபர் 19

லெப்டினன்ட்டின் கூடாரம் வரை போனேன். என்ன வேண்டும் என்றார். காலுறை கேட்டேன். கொடுத்தார்.

அக்டோபர் 21

காலுறை நன்றாக இருக்கிறது. என்ன ஜென்மம் நான்?

அக்டோபர் 23

காலையில் டெட்ஸ்லாஃபை வண்டியில் ஏற்றினார்கள். நான் குழலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. அல்லது திரும்பியதை நான்தான் கவனிக்கவில்லையோ.

அக்டோபர் 26

அவருடைய இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டார்கள், பட்டையோடு. ஆல்வினுக்குப் பதிலாகக் குனோல்ட் என்பவர் வந்திருக்கிறார். நாற்பது வயது, ஊரில் ரொட்டிக்கடை. முன்பிருந்த தலைவருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார்.

"மேல பாக்குறதுக்குள்ள சுடச் சொல்லிட்டாரு. ஒரு ஆள் போயிட்டான்" என்றேன்.

"அடப்பாவி" என்று சொல்லிவிட்டு அவர் அடித்தட்டை முதுகில் மாட்டிக்கொண்டார். நடக்க ஆரம்பித்தோம்.