செல்லத்தாயின் பிள்ளை சிரித்த படம்

1944 ஜூன் 15, வியாழன்

விடாத மழை. ஆரியசாலைத் தெருவில் கணுக்கால் தண்ணீர். ஸ்டுடியோவின் கண்ணாடிக் கூரையில் ஒழுக்கு. வாளி வைத்தாயிற்று. யுத்தத்தால் படம் எடுக்கும் கண்ணாடி பிளேட் வரத்து நின்றுபோய் மிச்சம் ஒன்றே ஒன்று. வக்கீலின் அறுபதாம் கல்யாணத்துக்கு ஒதுக்கியது.

மத்தியானம் ஒரு பெண். செல்லத்தாய். பொன்முடி எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறவள். இடுப்பில் பெண் குழந்தை. புருஷன் பட்டாளத்துக்கு ரோடு போட அஸ்ஸாம் போயிருக்கிறான். போன பிறகு பிறந்தது.

"பிளேட் இல்லையேம்மா" என்றேன்.

"அவுக இன்னும் பிள்ள மொகத்தப் பாக்கலய்யா. மலையெறங்கி வந்துட்டேன்."

உள்ளிருந்து என் மனைவி பகவதி: "வக்கீல் மொகத்த ஊரே பாத்தாச்சு. இதுக்கு எடுங்கோ."

எடுத்தேன். மங்கிய வெளிச்சம். மூன்று எண்ணும் வரை அசையக்கூடாது. கேமராவின் கருப்புத் துணியைக் கண்டு குழந்தை ஓவென்று அழுகை. பகவதி வந்து என் பக்கத்தில் நின்று கைதட்டினாள், நாக்கைச் சொடுக்கினாள். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று இதுவரை என் கேமரா முன் நிற்காதவள். குழந்தை சிரித்தது. லென்ஸ் மூடியைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து அது பகவதியிடம் தாவ, அவள் கேமரா முன் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். பிளேட் போச்சு என்றே நினைத்தேன்.

ஜூன் 16, வெள்ளி

பிளேட்டைக் கழுவிப் பார்த்தேன். செல்லத்தாய் தெளிவு. குழந்தையின் கை மட்டும் புகை மாதிரி. முகம் முழுக்கச் சிரிப்பு. ஓரத்தில் பகவதி, உருவம் லேசாகக் கலங்கி, வாய்கொள்ளாத சிரிப்போடு.

நாற்பது வருஷமாக "அசையாதீங்கோ" என்று சொல்லியே பிழைத்தவன் நான். எத்தனை விறைத்த கழுத்துகள்! எல்லாம் துல்லியம். ஒன்றிலும் இப்படி உயிர் இல்லை. இத்தனை காலம் இருட்டறையில் நின்றது இந்த ஒன்றுக்காக என்றாலும் சம்மதம்தான்.

ஜூன் 19, திங்கள்

வெயில். பிரிண்ட் போட்டேன். செல்லத்தாய் வந்தாள். ஓரத்தை வெட்டித் தருகிறேன் என்று கத்தரியை எடுத்தேன்.

"வெட்டாதீங்கய்யா. அம்மாவும் இருக்கட்டும். நாங்க ஒத்தையில இல்லன்னு அவுக பாத்துக்கிடட்டும்."

பகவதி குழந்தையை வாங்கி முத்தமிட்டாள். அவர்கள் போன பிறகு என்னிடம்:

"எனக்கும் ஒண்ணு போடுங்கோ."

"எதுக்கு?"

"பிள்ள சிரிக்கதப் பாக்கவாக்கும்."

அவள் விரல் இருந்தது பிளேட்டில் தன் முகத்தின் மேல்.