குண்டைக் குளிப்பாட்ட வேண்டாம்

4ஆம் தேதி, திங்கள்

வீட்டுக்காரருக்கு,

நானும் பேத்தியும் இங்கே சுகம். நீங்களும் சுகம் என்று எழுதினால் பாதி நம்புவேன். ஆயுசு முழுக்கப் பட்டறையில் இரும்பை அடித்துக் காதைத் தொலைத்த மனுஷனிடம் போனில் கத்தி என் தொண்டைதான் போனது. அதனால்தான் இந்தக் கடிதம்.

பேத்தி வெடிபொருள் அகற்றும் பிரிவில் சேர்ந்ததற்கு, "பொம்பளப் புள்ளைக்குக் குண்டு பொறுக்குற வேலையா"ன்னு கேட்டு அவளோடு பேச்சை நிறுத்தினீர்களே, அந்தப் பிள்ளைதான் நேற்று ஒரு பள்ளிக்கூட மைதானத்தையே சுத்தம் செய்து கொடுத்தாள். தலைமையாசிரியர் எழுந்து நின்று கும்பிட்டாராம். நான் அஞ்சாம் வகுப்புதான். ஆனால் இந்தத் தெருவில் என்னைவிடத் தலைநிமிர்ந்து நடக்கிறவள் கிடையாது, தெரிஞ்சுக்கோங்க.

பின்பக்கம் பார்க்கவும்.

நான் கிளம்பின அன்றைக்குக் காணாமல் போன பூனை வந்ததா? குண்டு இல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலிப் பக்கம் தேடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி

8ஆம் தேதி, வெள்ளி

வீட்டுக்காரிக்கு,

கடிதம் வந்தது. தலைமையாசிரியர் கும்பிட்டது வரை படித்தேன்.

குழாய்க்குப் பள்ளம் தோண்டினேன். வேலிப் பக்கம் குண்டு கிடைத்தது. உடம்பெல்லாம் சேறு. நல்ல கனம். ஒரு வளையம் போட்டிருக்கிறது. அசையாமல் கிடக்கிறது. தூக்கி வந்து கொல்லையில் போட்டிருக்கிறேன். என்ன செய்யலாம், கேட்டு எழுது.

பட்டறைக்காரன்

12ஆம் தேதி, செவ்வாய்

வீட்டுக்காரருக்கு,

என் செல்லம் பள்ளத்திலா கிடந்தது! கிடைத்ததே, அது போதும். நான் கட்டின வளையம்கூடக் கழலவில்லை பாருங்கள்.

அசையாமல் கிடந்தால் குளிரில் விறைத்திருக்கும். வெந்நீரில் கழுவி, பழைய துணியால் துடைத்து, அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். சூடு ஏறினால் சரியாகிவிடும். அப்புறமும் முறுக்கிக்கொண்டு கிடந்தால் தலையில் செல்லமாக ரெண்டு தட்டு. வளையம் இறுக்கினால் கழற்றிவிடுங்கள். ராத்திரி உங்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கட்டும்.

ஒரே ஒரு தடவையாவது நான் சொன்னதை அப்படியே செய்யுங்கள். நடுவில் உங்கள் மூளையைக் கொண்டுவந்து நுழைக்காதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரி

16ஆம் தேதி, சனி

வீட்டுக்காரிக்கு,

எழுதினபடியே செய்தேன். கழுவினேன், துடைத்தேன். அந்தக் காலத்துச் சண்டையில் விழுந்ததாக இருக்கும், இரும்பு இன்னும் கெட்டியாக இருக்கிறது. வளையம் செம்பு. கழற்ற வரவில்லை. இப்போது அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. தலையில் தட்டச் சொன்னாயே, சின்னச் சுத்தியலால் ரெண்டு தட்டு தட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. மூக்கில் மரை தெரிகிறது. மெக்கானிக் ஊரிலிருந்து வந்ததும் அவனுடைய பெரிய ஸ்பானரை வாங்கித் திருகிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

கட்டிலுக்கு அடியில் வைக்கச் சொன்னதுதான் எனக்குக் கொஞ்சம் யோசனை. ஆனாலும் நீ பேத்தியிடம் கேட்டுத்தானே எழுதியிருப்பாய். படித்த பிள்ளை, அது அவள் வேலை. அதனால்தான் மறுபேச்சில்லாமல் செய்தேன். நான் இப்படிச் சொன்னதாக அவளிடம் சொல்லாதே.

உன் பூனையும் வந்துவிட்டது. கதகதப்பாக இருக்கிறது என்று அதன் மேலேயே ஏறிப் படுத்திருக்கிறது.

பட்டறைக்காரன்

19ஆம் தேதி, செவ்வாய். பேத்தி கையில் கொடுத்தனுப்பியது.

தெருவில் நின்று படிக்கவும். முழுக்கப் படிக்கவும். பின்பக்கமும் சேர்த்து!

அட மனுஷா! நான் கேட்டது பூனையை! நம் வீட்டில் குண்டு என்றால் பூனை! வெடிகுண்டைச் சுத்தியலால் தட்டு என்று எந்தப் பெண்டாட்டியாவது எழுதுவாளா? பூனையையாவது சுத்தியலால் தட்டுவார்களா? உங்களோடு குடித்தனம் நடத்தி எனக்குத் தலை நரைத்ததில் ஆச்சரியமே இல்லை.

உங்கள் கடிதத்தைப் பேத்தியிடம் சிரித்துக்கொண்டேதான் படித்துக் காட்டினேன். சுத்தியலுக்கு வந்ததும் அவள் முகம் வெளுத்தது. பக்கத்து வீட்டுத் தையற்காரருக்குப் போன் போட்டு, "தாத்தாவ எதையும் தொட விடாம வெளிய இழுத்துட்டு வாங்க, நீங்களும் உள்ள நிக்காதீங்க"ன்னு கத்தினாள். அடுத்த நிமிஷமே வண்டிக்கும் சொல்லிவிட்டாள்.

அவள் சொன்னதை எழுதுகிறேன். துருப்பிடித்தால் அது செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பழசாக ஆக அதன் குணம் இன்னும் கெடும். தூக்கக் கூடாது, தட்டக் கூடாது, திருகக் கூடாது, சூடு காட்டவே கூடாது. கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, ஆட்களை விலக்கிவிட்டுத் தகவல் சொல்ல வேண்டும். ஒன்று கிடந்த இடத்தில் இன்னொன்றும் கிடக்கலாம், அதனால் பள்ளத்துப் பக்கமும் போகக் கூடாது. பூனையை எடுக்கவும் உள்ளே போகக் கூடாது. இதை எழுதும்போது அழுகிறேன், போகட்டும்.

அவள் பேச்சு என்று நம்பித்தானே இத்தனையும் செய்தீர்கள்? அதை அவள் முகத்துக்கு நேரே சொல்லித் தொலைத்தால் என்ன? நீங்கள் சொல்லாதே என்று எழுதின வரியையும் சேர்த்துத்தான் படித்துக் காட்டினேன்.

உயிரோடு பதில் எழுதவும்.

வீட்டுக்காரி

21ஆம் தேதி, வியாழன்

வீட்டுக்காரிக்கு,

முழுக்கப் படித்தேன். பின்பக்கமும்.

வண்டியிலிருந்து இறங்கினவள் என்னைப் பார்த்த முதல் பேச்சே, "தாத்தா, இந்தக் கயிறுக்கு அந்தப் பக்கம் போங்க." "இது என் வீடும்மா"ன்னேன். "இப்ப இது என் இடம். போங்க"ன்னா. போனேன். தெருவே போனது.

அவள்தான் முதலில் உள்ளே போனாள். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது அந்த இரும்புக்காக இல்லை. திரும்பி வந்து, தட்டிச் சூடு காட்டினதை இனி நகர்த்த முடியாது, இருக்கிற இடத்திலேயே வெடிக்க வைக்க வேண்டும் என்றாள். கையில் பூனை. சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கினார்கள். வெகுநாளைக்கு அப்புறம் எனக்கு ஒரு சத்தம் நன்றாகக் கேட்டது.

அடுப்படி இல்லை. கட்டில் இருந்த அறை இருக்கிறது. பூனை என்னோடு தையற்காரர் வீட்டில் இருக்கிறது. தயவுசெய்து அதற்கு வேறு பேர் வை.

பட்டறைக்காரன்

பின்பக்கம் அவளுக்கு. நீ படிக்காதே.

ஆபீசரம்மாவுக்கு,

நீ கட்டின கயிறு கட்டினபடியே இருக்கிறது. மெக்கானிக் ஸ்பானரோடு வந்தான், திருப்பி அனுப்பிவிட்டேன். குழாய்ப் பள்ளம் பாதியில் நிற்கிறது. எங்கே தோண்டலாம் என்று நீ வந்து காட்டினால்தான் மண்வெட்டியைத் தொடுவேன். பாட்டியையும் கூட்டிக்கொண்டு வா.

தாத்தா