வாசற்படியில் சாம்பல்

பெம்புரோக்,
நவம்பர் 26, 1911.

அன்பு மகன் எம்மெட்டுக்கு,

இறைவன் அருளால் நலமாக இருக்கிறேன். உன் சுகத்தை நீதான் எழுதவேண்டும்; எழுதுவதில்லை. வான்கூவரிலிருந்து வந்த உன் கடிதம் அரைப்பக்கம். அதில் இரண்டு எழுத்துப்பிழைகள். கன்னியர் மடத்துப் பள்ளியில் இதற்கே முழங்காலிட வைத்திருப்பார்கள். "இனி ஊருக்கு வரமாட்டேன், ஆடவும் மாட்டேன்" என்ற வரியில் மட்டும் பிழை இல்லை. அதைப் பலமுறை எழுதிப் பழகியிருப்பாய்.

கூடவே உன் ஐஸ் சறுக்குக் காலணிகளும் வந்தன. கோயில் ஏலத்துக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தாய். கொடுக்கவில்லை.

பக்கத்து வீட்டு டெலியா வழக்கம்போல் வேலிக்கு மேல் தலையை நீட்டினாள். "என்ன ஹொனோரா, சம்பளத்துக்கு ஆடுற பெரிய தொர இந்தக் கிறிஸ்துமஸுக்காவது வர்றாரா?" என்றாள். "வருவான். உன் வீட்டுக்காரர் மாதிரி மதுக்கடையிலிருந்து வரணும்னா சீக்கிரம் வந்திருப்பான்" என்றேன். அதைப் பாவசங்கீர்த்தனத்தில் குருவானவரிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

அயர்லாந்திலிருந்து வந்திருக்கும் புதிய குருவானவருக்கு ஐஸ் ஹாக்கி தெரியாது. உன் தம்பி பேசில் எப்படி இறந்தான் என்று கேட்டார். விதியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஓர் அணிக்கு ஏழு பேர், மாற்று ஆள் கிடையாது. ஒருவன் அடிபட்டு வெளியேறினால் எதிரணியும் தன் ஆளொருவனை உட்காரவைத்துச் சமன் செய்யும் என்றேன். "அடடா, அன்பான விதியாச்சே அம்மா" என்றார். அன்பான விதிதான். எதிரணியின் சிறந்த ஆட்டக்காரனை உட்காரவைக்கவே அடிபட்டதாகப் புரளுகிறவர்கள் உண்டு என்பதையும் சொன்னேன்.

உன்னை எதிர் ஊர்க்காரர்கள் சம்பளத்துக்கு எடுத்தபோதும், தம்பியை நம் ஊர் எடுத்தபோதும், விளையாட்டுக்குக் கூலியா என்று நான் முகம் சுளித்தேன். ஆனாலும் பிப்ரவரியில் நீங்கள் இருவரும் எதிரெதிரே நின்ற அன்று, என் நல்ல தொப்பியை அணிந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

பேசில் பலகைச் சுவரில் தலை மோதி விழுந்தான். அவனை இடித்துத் தள்ளியவன் நீ இல்லை. அவன் வெளியேறினால் அவனுக்கு நேராக ஆடிய நீதான் உட்கார வேண்டியிருக்கும். நீ குனிந்து சொன்னது எனக்கும் கேட்டது. "எந்திரிடா. என்னை உக்கார வைக்கத்தானே இந்தக் கூத்து? அம்மா வேற பாக்குறாங்க." அரங்கமே சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டு எழுந்தான். "கண்டுபிடிச்சிட்டியாண்ணே" என்றான். கடைசி மணிவரை ஆடினான். அன்றிரவே நினைவு தப்பியது.

அடக்கத்தின்போது நீ கல்லறை வாசலிலேயே நின்றுவிட்டு ரயிலேறினாய். அதனால் அவன் கடைசியாகப் பேசியதை உன்னிடம் சொல்ல முடியவில்லை. பிறகு எழுதவும் கை வரவில்லை. ஏனென்றால் அது பொய். ஆட்டத்துக்கு மறுநாள் மாலை நினைவு சற்றுத் தெளிந்தபோது என் கையைப் பிடித்துச் சொன்னான்: "அண்ணன் கேட்டா, களத்துல நான் நடிச்சேன்னே சொல்லும்மா. அப்புறம் நம்ம வாசப்படியில வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிடு. அவன் நம்புவான்."

பொய் சொல்ல எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை, எம்மெட். அதனால் அவன் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதிவிட்டேன். உனக்காக அவன் விட்டுப்போனது அது ஒன்றுதான். நீ நம்ப வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டான். நம்ப முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் உயிர் போகிற நேரத்தில் ஒருவன் யாருக்காகப் பொய் சொல்வான் என்பதை நீ யோசித்துப் பார்.

உன் காலணிகளுக்கு எண்ணெய் தடவி, அவனுடையவற்றுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருக்கிறேன். நீ ஆடவேண்டாம். அவை அங்கே இருக்கட்டும். ஆறு பாதிவரை உறைந்துவிட்டது. கிறிஸ்துமஸ் வாத்துக்கு இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்; நான் ஒருத்தி அதைத் தின்று தீர்க்க முடியாது.

ஆண்டவர் உன் பயணத்தைக் காக்கட்டும். வாசற்படியில் தினமும் காலையில் அடுப்புச் சாம்பல் தூவுகிறேன். வழுக்காது. வந்துவிடு.

உன் அம்மா,
ஹொனோரா ஹெஃபர்னன்