பேய் ராணியின் குரல்

தம்பிக்கு,

நீ எழுதிய மாயாஜால நாவலைப் படித்தேன். வெள்ளைக் குதிரை பாதியில் கறுப்பாகிறது. செத்த தளபதி மறுபடியும் போருக்கு வருகிறான். இரண்டும் மாயமில்லை, உன் மறதி. ஆனாலும் கீழே வைக்க மனம் வரவில்லை.

பேய் ராணி மகனிடம், "வந்துட்டாரு தொரை! சோறு ஆறிப்போச்சு, கொட்டிக்கோ!" என்கிறாள். எந்த ராணியடா இப்படிப் பேசுவாள்? அது அம்மாவின் குரல்.

அவள் சாவுக்குக்கூட வராத உனக்கு அந்தக் குரல் நினைவிருக்கிறது. கூடவே இருந்து பார்த்துக்கொண்ட எனக்குக் கடைசி மாதத்து முனகல்தான் மிஞ்சியிருந்தது. இப்போது அந்தப் பக்கத்தைத் திறந்தால் சமையலறையிலிருந்து திட்டுகிறாள். நானும் "இதோ வந்துட்டேம்மா" என்கிறேன்.

இதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. கடைசி அத்தியாயத்தில் இளவரசன் மந்திரம் சொல்லி அவளை மேலுலகத்துக்கு அனுப்பிவிடுகிறான். அந்தத் தாள்களை மட்டும் கிழித்துவிட்டேன்.

அண்ணன்