நீலத் திரை கேட்ட சாவி

ஜூன் 9, திங்கள்

லேப்டாப்பில் லினக்ஸையும் ஏற்றிவிடுவது என்று முடிவு. விண்டோஸ் இருக்கிற இடத்தில் இருக்கட்டும், பக்கத்தில் இதுவும் இருக்கும். மனாடோ நகரில் ஓர் ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள். இருபதாம் தேதி தேர்வு, முழுக்க லினக்ஸ். ஹெங்கி மாமாவின் டைவிங் படகுக்கு முன்பதிவு பார்த்தே வருஷங்கள் ஓடிவிட்டன. நாற்பத்து மூன்று வயதில் என்ன புதுப் படிப்பு என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 10

லினக்ஸ் போட்டு வைத்த பென்டிரைவை லேப்டாப் சட்டையே செய்யவில்லை. அமைப்புக்குள் போய் 'செக்யூர் பூட்' என்கிற காவலை அணைத்தேன். உடனே லினக்ஸ் எழுந்தது. நானா கொக்கா!

ஆனால் ஹார்ட் டிஸ்க் வட்டு பூட்டியிருக்கிறது, விண்டோஸுக்குள் போய்ப் பூட்டை எடுத்துவிட்டு வா என்றது. சரியென்று விண்டோஸைத் திறந்தால் நீலத் திரை. மீட்புச் சாவி வேண்டுமாம், நீளமான எண். நான் எப்போது பூட்டினேன்? வாங்கிய அன்றே தானாகப் பூட்டிக்கொண்டிருக்கிறது. சாவி, முதன்முதலில் இதைத் திறந்தவரின் கணக்கில் இருக்கும்.

அதாவது யோப்பி. விவாகரத்தில் லேப்டாப் என்னோடு வந்துவிட்டது. சாவி அவனோடு போய்விட்டது.

ஜூன் 11

ஹெங்கி மாமா போன்.

“மைஸ்கே, சனிக்கிழமை எத்தனை பேரும்மா வர்றாங்க? சூரை மீனுக்குச் சொல்லணும்.”

“சாயங்காலம் சொல்றேன் மாமா.”

“நேத்தும் சாயங்காலம்னுதானே சொன்ன? எந்த ஊர்ச் சாயங்காலம் அது?”

முன்பதிவு எல்லாம் உள்ளே. நகல்? போன மாசம் எடுத்தது. அதில் இந்தச் சனிக்கிழமையே கிடையாது. மடச்சி. எழுதியாச்சு, போதும்.

ஜூன் 12

வேறு வழியில்லாமல் யோப்பியைக் கூப்பிட்டேன்.

“எதையாவது நோண்டியிருப்ப. உனக்கு எதுக்கு இதெல்லாம்? வீட்டுக்குக் கொண்டு வா, பாத்துத் தர்றேன்.”

“சாவி உன் கணக்குல இருக்கு. நம்பரை மட்டும் படி, நான் எழுதிக்கறேன்.”

“போன்ல எப்படி? நேர்ல வா. பேச வேண்டியதும் இருக்கு.”

வைத்துவிட்டேன். அழுதேனா? கொஞ்சம். கோபத்துலதான்.

பிறகு அடுப்பில் பூசணிக் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருக்கும்போது யோசித்தேன். இத்தனை நாள் பேசாமல் திறந்த பெட்டி இப்போது ஏன் என்னைச் சந்தேகப்படுது? நான் காவலை அணைச்சதாலதானே? அப்போ காவலைத் திரும்பப் போட்டா?

போட்டேன். விண்டோஸ் ஒன்றுமே நடக்காததுபோல் திறந்தது! கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டினாள். கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. போகட்டும்.

முதல் வேலை, எல்லாவற்றுக்கும் நகல். அடுத்தது மாமாவுக்குப் போன்.

“பதினாலு பேர் மாமா. ரெண்டு பேர் மீன் சாப்பிட மாட்டாங்க.”

“மீன் வேண்டாதவங்களுக்குக் கடல்ல என்னம்மா வேலை?”

ஜூன் 13

விண்டோஸுக்குள்ளிருந்தே வட்டின் பூட்டை நீக்கினேன். இனி காவலை அணைத்தாலும் சாவி கேட்க ஆளில்லை. மறுபடி அணைத்தேன், லினக்ஸ் ஏறியது. மறுபடி இயக்கினால் நேரே விண்டோஸ்! லினக்ஸைக் காணோம்.

இந்தத் தடவை பயம் வரவில்லை. எது முதலில் எழ வேண்டும் என்ற வரிசையில் விண்டோஸ் மேலே உட்கார்ந்திருந்தது. லினக்ஸை மேலே ஏற்றினேன். இப்போது கறுப்புத் திரையில் இரண்டு பெயரும் வருகின்றன. எது வேண்டுமோ அது.

ஜூன் 14

பதினாலு பேரும் வந்தார்கள். மீன் மிச்சம்.

ஜூன் 20

தேர்வு. ஏழாவது கேள்வி: கணினி எழவில்லை, முதலில் என்ன செய்வீர்கள்? 'கடைசியாக எதை மாற்றினோம் என்று யோசிப்பேன்' என்று எழுதினேன்.

ஜூலை 4, வெள்ளி

யோப்பி கூப்பிட்டான்.

“அந்தச் சாவி... என் கணக்கோட பாஸ்வேர்டே எனக்கு மறந்துபோச்சு, மைஸ்கே. அன்னிக்குச் சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

“பரவாயில்ல. தேவைப்படல.”

“என் லேப்டாப் ரெண்டு நாளா எழ மாட்டேங்குது.”

“என்னத்த மாத்தின?”

“ஒண்ணும் மாத்தல.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு கொண்டு வா. திங்கள்லேர்ந்து ஆஸ்பத்திரி வேலை, எனக்கு நேரமிருக்காது.”

அவனுக்கு வாசலிலேயே ஒரு நாற்காலி போட்டு வைக்க வேண்டும்.