புதுச் சாயத்தின் கீழே

போர்ட்டிக்சன் தோட்டம், மலேசியா

அன்புள்ள வள்ளிநாயகிக்கு,

முட்டிவலி குறைந்ததா? இது யார் கையும் படாமல் நானே எழுதும் முதல் கடிதம்!

இங்கிருந்து சுமத்ராவுக்குக் கடலடியில் மின்சாரக் கேபிள் போகிறது. கப்பல் நங்கூரம் பட்டு அது அறுந்தால் இரு கரையிலும் விளக்கு அணையும். அதன்மேல் நிற்கும் கப்பல்களின் பெயரைக் குறித்து வைப்பதுதான் என் காவல் வேலை.

நேற்று பைனாகுலரில் ஒரு பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தேன். புதுச் சாயத்தின் கீழே பழைய பெயர் தெரிந்தது. போன வாரம் இங்கே நங்கூரம் போட்டு, நாங்கள் விரட்டிய அதே கப்பல்!

"தாத்தா, படிக்கக் கத்துக்கிட்டதிலேர்ந்து சாயத்துக்கு அடியிலயும் படிக்கிறீங்க லா!" என்று இஞ்சினியர் யோகேந்திரன் சிரித்தார்.

நீ பயப்படாதே. என் பழைய கண்ணாடியை அனுப்பு. மகள் ரோகினியை வைத்துப் பெரிய எழுத்தில் பதில் எழுது. இஞ்சினியரை விட்டால் இங்கே பேச ஆளில்லை.

இதோ, நேற்று கடந்துபோன அந்தக் கப்பல் திரும்பி வந்து கேபிளுக்கு மேலே நிற்கிறது. நங்கூரம் இறங்குகிறது. யோகேந்திரனிடம் ஓடுகிறேன்.

உன்
சன்னாசி